நியூட்ரல் விட்டுப்போன இரவு: மூன்று போர்ஷன் வீட்டில் எது கருகியது, எது தப்பியது

"ஹை வோல்டேஜ் வந்து எல்லாம் போச்சு" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி பக்கத்து வீட்டில் லைட் எப்படி எரிந்தது என்பதுதான். அங்கே மங்கலாக எரிந்திருந்தால், வெளியிலிருந்து எந்த வோல்டேஜும் கூடி வரவில்லை. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர், விட்டுப்போயிருக்கிறது. இது தெரியாமல் அடுத்த நாளே கடைக்குப் போய், திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு பிளக் பாக்ஸ் வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். அடுத்த தடவை நியூட்ரல் போகும்போது அந்த ஸ்பைக் கார்டும் சேர்ந்து எரியும்.

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கமாக ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அண்ணாச்சி குடும்பம், மாடியில் முன்பக்கம் என் அக்கா, பின்பக்கம் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் சர்வீஸ், மூன்று மீட்டர், ஆளுக்கு ஒரு ஃபேஸ். ஐப்பசி மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். அண்ணாச்சி குளிக்க ஹீட்டர் போட்டிருந்தார். மாடியில் அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பேங்க் தம்பி வேலையிலிருந்து வரவில்லை, அவர் வீட்டில் ஃப்ரிட்ஜும் வைஃபை ரவுட்டரும் மட்டும் ஆனில்.

அக்காவிடமிருந்து போன். "தம்பி, லைட்டெல்லாம் கண்ணு கூசுற மாதிரி எரியுது, டிவி டப்புன்னு அணைஞ்சு போச்சு, ஏதோ கருகுற வாடை வருது." பின்னாலேயே கீழிருந்து அண்ணாச்சி குரல் கேட்கிறது, "இங்க லைட்டே இல்லம்மா, லோ வோல்டேஜ்!" ஒரே கட்டடம், ஒரே சர்வீஸ் வயர், மாடியில் கண் கூசுகிறது, கீழே அகல் விளக்கு மாதிரி எரிகிறது. போனிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மெயினை ஆஃப் பண்ணு, மற்றவர்களையும் பண்ணச் சொல் என்றேன். அக்கா பண்ணினாள். ஆனால் அதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருந்தது. கீழே அண்ணாச்சி வேறு ஒரு காரியம் செய்திருந்தார், அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், இதில்தான் விஷயமே இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருப்பது. ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவில் இருப்பது 400 (பழைய ஆட்கள் 440 என்பார்கள்). நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒழுங்காகச் சேர்ந்திருக்கும் வரை, பக்கத்து போர்ஷனில் ஹீட்டர் ஓடினாலும் மோட்டார் ஓடினாலும் நம் 230-க்குப் பெரிய பாதிப்பு இல்லை. அந்த ஒரு இணைப்பு விட்டுப்போனால் மூன்று வீடுகளும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன, 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட ஆரம்பிக்கின்றன. அதிக லோடு போட்டவருக்குக் குறைந்த வோல்டேஜ், லோடே போடாதவருக்கு அதிக வோல்டேஜ். சிக்கனமாக இருந்தவர் வீட்டில்தான் எல்லாம் எரியும். அநியாயம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அன்றைய லோடை உத்தேசமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி வீட்டில் ஹீட்டரோடு சேர்த்து 2000 வாட், அக்கா வீட்டில் 300, தம்பி வீட்டில் 200 என்று வைத்துக்கொண்டால், நியூட்ரல் இல்லாதபோது அண்ணாச்சிக்குக் கிடைப்பது சுமார் 70 வோல்ட். அக்காவுக்கு 336. தம்பிக்கு 345. எல்லா லோடையும் சாதாரண ரெசிஸ்டன்ஸாக எடுத்துக்கொண்ட கணக்கு இது, நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதுவும் நிலையாக நிற்காது. ஒரு பல்பு போனால், ஒரு கம்ப்ரசர் நின்றால், பங்கு மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது அண்ணாச்சி செய்த காரியம். லோ வோல்டேஜ் என்றால் பெரிய சாமான்களை ஆஃப் பண்ண வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடம், சரியான பாடமும் கூட. அவர் ஹீட்டரை மட்டும் நிறுத்தினார். மெயினை நிறுத்தவில்லை. ஹீட்டர் நின்று அவர் லோடு 100 வாட்டுக்கு இறங்கியதும், அதே கணக்குப்படி அவர் வீட்டில் 70 இருந்த இடத்தில் சுமார் 289 வோல்ட் ஏறுகிறது. அக்கா வீட்டில் 176-க்கு இறங்கிவிடுகிறது. "ஹீட்டரை நிறுத்தினதும் கரண்ட் நல்லா வந்துருச்சுன்னு நெனச்சேன், நெனச்சு முடிக்கல, அடுக்களை பல்பு போயிருச்சு" என்று பிறகு சொன்னார். அதனால்தான் இந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டிருக்கக் கூடாது, மங்கலாக எரிகிற வீட்டுக்காரரும் சேர்த்து எல்லோரும் மெயினை இறக்க வேண்டும் என்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேங்க் தம்பியும் வந்திருந்தார், அவருடைய மெயின் இன்னும் ஆனில் இருந்தது. அதை இறக்குவதற்கு முன் அவர் வீட்டு பிளக் பாயிண்ட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஃபேஸ் ஓட்டையில் எரிந்தது. நியூட்ரல் ஓட்டையிலும் எரிந்தது. நல்ல நியூட்ரலில் டெஸ்டர் எரியவே கூடாது. இந்த ஒரு சோதனைக்கு மல்டிமீட்டர் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை.

கீழே பொது பேனலில் பார்த்தால், சர்வீஸ் வயரின் நியூட்ரல் வந்து சேரும் லிங்க் (வயர்களை ஸ்க்ரூ போட்டு இணைக்கும் கட்டை) பழுப்பேறி, பக்கத்து இன்சுலேஷன் உருகி வழிந்திருந்தது. வந்திருப்பது அலுமினிய வயர். லிங்க் பித்தளை, அதிலிருந்து கிளம்புவது செம்பு. அலுமினியமும் செம்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தாலே அரிப்பு வரும், இங்கே உப்புக் காற்று வேறு. ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அலுமினியத்துக்கு இன்னொரு குணம், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகிவிடும். டைட் பண்ணிய ஸ்க்ரூ யாரும் தொடாமலேயே லூஸாகும். லூஸானால் சூடு, சூட்டில் இன்னும் அரிப்பு, கடைசியில் ஒரு மழை நாளில் தொடர்பு அறுந்துபோகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. மூன்று ஃபேஸிலும் சமமாக லோடு இருந்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்று ஐடிஐ பாடத்தில் படித்திருப்போம். ஹீட்டரும் குண்டு பல்பும் மட்டும் இருந்த காலத்துக்கு அது சரி. இன்றைக்கு எல்லாமே எல்இடி, சார்ஜர், டிவி, கம்ப்யூட்டர். இவை இழுக்கும் கரண்ட் ஒழுங்கான அலையாக இருப்பதில்லை, அதில் மூன்று மடங்கு வேகத்தில் அலையும் மூன்றாம் ஹார்மோனிக் கலந்திருக்கிறது, அது மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் கூடுகிறது. வீட்டில் லோடு குறைவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நியூட்ரல் ஜாயிண்ட் சுடும்.

மீட்டருக்கு முன்னால் இருக்கும் பகுதி, சீல் வைத்தது, நாம் கை வைக்கக் கூடாது. புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அண்ணாச்சிக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, எர்த்தை நியூட்ரல்ல அடிச்சுவிட்டுருவோம், ராத்திரி ஓடட்டும், காலையில பாத்துக்கலாம்." நம் ஊரில் இது சகஜம், நூற்றுக்கணக்கான வீடுகளில் இப்படித்தான் ராத்திரி ஓடுகிறது. வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். ஏனென்றால் வீட்டு எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மோசமான குழி என்றும் சொல்ல முடியாது. 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம். இரண்டும் வரிசையாகச் சேர்ந்தால் ஓடுவது 5 ஆம்பியர், எர்த் வயரில் ஏறுவது கிட்டத்தட்ட 100 வோல்ட். அந்த எர்த் வயர்தான் ஃப்ரிட்ஜ் பாடிக்கும், வாஷிங் மெஷின் பாடிக்கும், ஹீட்டரின் பாடிக்கும் போகிறது. எல்லா சாமானும் 100 வோல்ட்டில் நிற்கும், ஈரக் கையோடு யாராவது தொடுவார்கள். டிவி போனால் வாங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரீசியனுக்கு என் மேல் கோபம். பரவாயில்லை.

லைன்மேன் வந்து போஸ்ட்டில் பியூஸை உருவிவிட்டுப் போனார். மறுநாள் காலை வயரைப் பின்னோக்கி வெட்டி, அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்கும் பைமெட்டல் லக் அடித்து, புது நியூட்ரல் லிங்க் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணாச்சியின் ஹீட்டரை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டு வோல்ட் கூட இல்லை. இந்த அளவீடு வீட்டிலேயே அவ்வப்போது பார்க்க வேண்டியது. பெரிய லோடு போடும்போது இது பத்து, பதினைந்து என்று குதித்தால் எங்கோ நியூட்ரல் ஜாயிண்ட் தளர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சரி, எது போனது, எது தப்பியது.

அக்கா வீட்டு டிவியை சர்வீஸ்காரர் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். பவர் போர்டின் வாசலிலேயே ஒரு கண்ணாடி பியூஸ், உள்ளே கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. அதையடுத்து ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னதாக ஒரு நீல வில்லை, நடுவில் பிளந்து, ஓரத்தில் 471 என்ற எண் மட்டும் படிக்க முடிந்தது. இதுதான் எம்ஓவி, வேரிஸ்டர். 471 என்றால் 470 வோல்ட்டில் கரண்ட்டை விட ஆரம்பிக்கும் என்று அர்த்தம், ஏசி கணக்கில் 300 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கும். அதற்கு மேல் போனதும் அது கரண்ட்டைத் தன் வழியாக விட்டு, சூடேறி, ஷார்ட்டாகி, பியூஸைப் போகவைத்தது. பின்னால் இருந்த போர்டு முழுசாகத் தப்பியது. இரண்டு சின்ன உதிரிபாகம் மாற்றியதும் டிவி ஓடியது. டிசைன் பண்ணியவர் காசு மிச்சம் பிடிக்காததால் கிடைத்த லாபம்.

பின் போர்ஷன் ரவுட்டரின் அடாப்டருக்கு அந்த யோகம் இல்லை. பிரித்துப் பார்த்தால் 400 வோல்ட் எழுதிய கப்பாசிட்டர் தலை வெடித்து, உள்ளிருந்த காகிதச் சுருள் வெளியே வந்திருந்தது. 345 வோல்ட் ஏசி என்றால் அதன் உச்சம் சுமார் 488. 400-க்குச் செய்த கப்பாசிட்டர் என்ன பண்ணும்? அவருடைய ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டர் வகை, "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்ற ஸ்டிக்கரோடு வந்தது, அதன் போர்டும் போனது. ஸ்டெபிலைசர் தேவையில்லை என்பது ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் ஏறி இறங்கினால் தேவையில்லை என்று மட்டும்தான். 345-க்கு அந்த ஸ்டிக்கர் பொறுப்பேற்காது, வாரண்டியும் பொதுவாக ஏற்காது.

அந்த ஃப்ரிட்ஜ் ஒரு ஸ்பைக் கார்டு வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பைக் கார்டின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் உருகி, சுவரில் கறுப்புத் தீற்றல். உள்ளே இருந்தது 431 என்ற வில்லை, 275 வோல்ட்டுக்கானது. அது தன் வேலையைத்தான் செய்தது. மின்னலோ, பெரிய மோட்டார் நிற்பதோ உண்டாக்கும் எகிறல் சில மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும், அந்த நேரத்துக்கு மட்டும் கரண்ட்டை வாங்கிக்கொள்வதற்குத்தான் எம்ஓவி. நிமிடக் கணக்கில் 345 வோல்ட் நின்றால் அது ஹீட்டராகிவிடும். நல்ல ஸ்பைக் கார்டில் சூடானால் அறுந்துகொள்ளும் பியூஸ் ஒன்று கூடவே இருக்கும். மலிவானதில் சில சமயம் எம்ஓவியே இருக்காது, ஒரு சிவப்பு லைட்டும் சுவிட்சும்தான்.

மெயின் பெட்டியில் தானாக விழும் சுவிட்சான எம்சிபி ஏன் விழவில்லை என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கேட்டார். எம்சிபி கரண்ட் கூடினால்தான் விழும், வோல்டேஜை அது பார்ப்பதே இல்லை. ஆர்சிசிபி கசிவைப் பார்க்கும், உயிரைக் காப்பாற்றும், அவசியம் வேண்டும், ஆனால் இந்தக் கேஸில் அதற்கு வேலை இல்லை.

தப்பியவற்றில் சுவாரசியமானது அண்ணாச்சியின் பேட்டரி இன்வெர்ட்டர். அதில் யுபிஎஸ் மோடு போட்டிருந்தார், பையன் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்று. அந்த மோடில் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 180 முதல் 260 வரைக்கும்தான் இபி கரண்ட்டை உள்ளே விடும், வெளியே போனால் பேட்டரிக்கு மாறிவிடும். 70 வந்தபோதும் பேட்டரி, 289 வந்தபோதும் பேட்டரி. ஹால் லைட்டும் டிவியும் கம்ப்யூட்டரும் எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன, அந்த லைனில் இல்லாத அடுக்களையில் மட்டும் பல்பு போனது. சாதாரண மோடில் இருந்திருந்தால் 290 வரை அப்படியே உள்ளே விட்டிருக்கும். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜை அதன் பழைய ஸ்டெபிலைசர் காப்பாற்றிவிட்டு, தான் கருகிப்போனது. பழைய சீலிங் ஃபேன்கள் வேகமாகச் சுற்றியதோடு சரி. புதிதாக வாங்கிய பிஎல்டிசி ஃபேன், உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால், போய்விட்டது.

இனி என்ன செய்தோம் என்பது. ஒவ்வொரு மீட்டருக்கும் பின்னால், மெயின் எம்சிபியை அடுத்து, ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று. வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானே துண்டித்துவிடும். எம்சிபி பெட்டியிலேயே உட்காரும், டிஜிட்டலில் வோல்டேஜ் காட்டும், சில ஆயிரம் ரூபாய். ஒரு ஃப்ரிட்ஜ் போர்டு விலை கூட இல்லை. மேல் எல்லை 270, கீழ் எல்லை 175, கரண்ட் சரியானாலும் மூன்று நிமிடம் கழித்துத்தான் திரும்ப இணைக்கும்படி வைத்தோம். அந்த மூன்று நிமிடம் கம்ப்ரசருக்காக. பவர்கட் முடிந்து கரண்ட் வந்து வந்து போகும்போது ஃப்ரிட்ஜும் ஏசியும் திணறாமல் இருப்பதற்கும் அதுவே போதும். வாங்கும்போது எவ்வளவு வேகமாகத் துண்டிக்கும் என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவின் இஎன் 50550 தரம் 275 வோல்ட்டில் 15 விநாடிக்குள்ளும், 400 வோல்ட்டில் 0.2 விநாடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு நல்ல அளவுகோல். ரிலேயின் ஆம்பியர் உங்கள் மெயினுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இடி மின்னலுக்குத் தனியாகப் பொது பேனலில் டைப் 2 எஸ்பிடி, அதாவது மின்னல் எகிறலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, போட்டோம். எர்த் குழியைப் புதுப்பித்த பிறகுதான் போட்டோம், எர்த் சரியில்லாமல் எஸ்பிடி போடுவது வீண் செலவு. இதில் எலக்ட்ரீசியன்கள் சாதாரணமாக விடும் கோட்டை, வயர் நீளம். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று பெட்டியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோவார்கள். மைக்ரோ விநாடிக்கு ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறும் மின்னல் கரண்ட்டுக்கு ஒரு மீட்டர் வயரே ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூடுதலாகச் சேர்த்துவிடும், அது அப்படியே உங்கள் டிவி மேல் விழும். எஸ்பிடிக்குப் போய் வரும் வயர் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கறாராக நின்றேன். எஸ்பிடியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, பச்சை இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் மாற்ற வேண்டும். எஸ்பிடி ரிலேக்கு முன்னால் இருப்பதால், இன்னொரு தடவை நியூட்ரல் போனால் அது அடிபடலாம். வீட்டுச் சாமானுக்குப் பதில் அது போகட்டும்.

கேபிள் டிவி வயர் பற்றியும் ஒரு வார்த்தை. கரண்ட் பக்கம் என்ன போட்டாலும், தெருவில் போஸ்ட் போஸ்ட்டாக வரும் அந்த செப்பு வயர் வழியாக மின்னல் செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் வரும். இடி தொடங்கும் முன்பே அதைக் கழற்றிவிடுவதுதான் வழி. ஃபைபர் நெட் கண்ணாடி இழை, அது வழியாக வராது.

வேலை முடிந்து சில வாரத்தில் பேங்க் தம்பி போன் பண்ணினார். ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலே கட் ஆகிறது, ஏசி நின்றுவிடுகிறது, கருவி டிஃபெக்ட், மேல் எல்லையை 290 ஆக்கித் தாருங்கள் என்று. போய் மீட்டர் வைத்துப் பார்த்தால் ரிலே காட்டுவதும் மீட்டர் காட்டுவதும் ஒன்றுதான். ஊர் தூங்கிய பிறகு லோடு குறைந்து, அந்தத் தெருவில் வோல்டேஜ் 260-ஐத் தாண்டி 270-ஐத் தொடுகிறது. 230-க்கு மேல் பத்து சதவீதம் கூட்டினாலே 253-தான் வருகிறது, இது அதையும் தாண்டியது. இத்தனை நாளும் இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றச் சொல்லி, ரிலே காட்டிய எண்ணை போட்டோ எடுத்து மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். அது மாறும் வரை தம்பிக்கு ஏசி அடிக்கடி நிற்கும். எல்லையை நான் ஏற்றித் தரவில்லை.